சேதி இல்லாத பேச்சு

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"இப்பத்தான். என்னா கறி?"

"கெழங்கும் கருவாடும். அங்க மழயா?"

"அடமழ. மலைக்கிப் போகல."

இலங்கை மலையகத்தின் நோர்வூட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் எந்த லயத்து வாசலில் நின்றாலும் பொழுது சாய்ந்தபின் காதில் விழுவது ஏறக்குறைய இதுதான். மறுமுனை குவைத்தாக இருக்கலாம், சவூதியாக இருக்கலாம், வெள்ளவத்தையில் ஒரு கடையின் மேல்மாடியாக இருக்கலாம், கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு காலனியாகவும் இருக்கலாம். பேசுகிற ஆட்கள் மாறுவார்கள், பேச்சு மாறாது. சாப்பாடு, மழை, கொழுந்து, பிள்ளையின் இருமல், அடைகாக்கும் கோழி. அரை மணி நேரம் பேசி முடித்த ஒருவரிடம் "என்ன சேதி?" என்று கேட்டால், "ஒன்னும் இல்ல, சும்மா பேசினோம்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். சேதி என்று ஒன்றும் இல்லை.

அந்தச் சும்மாப் பேச்சைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். மலையகத் தமிழரின் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வாழ்க்கையில், கடலுக்கு அப்பால் இருக்கும் சொந்தத்தோடு ஒன்றுமில்லாததைப் பேசும் பாக்கியம் இந்தத் தலைமுறைக்குத்தான் முதன்முதலாக வாய்த்திருக்கிறது. அதற்கு முன்பு கடல் தாண்டிப் போனதெல்லாம் சேதி மட்டுமே: சாவு, கலியாணம், பிரசவம், காசு. சேதிக்கும் சேதிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை போகவே இல்லை.

கோப்பிக் காலத்தில் மன்னார் வழியாக நடந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஊருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்லி எழுதவேண்டும். அவர்கள் முன்னால் வைத்துச் சொல்லக்கூடியதை மட்டுமே சொல்ல முடியும். புருஷன் அடிக்கிறான் என்று கங்காணியிடம் எப்படிச் சொல்லி எழுதுவது? பற்றுச்சீட்டில் இன்னும் எவ்வளவு கடன் நிற்கிறது என்று கடன் வைத்திருப்பவரிடமே சொல்லியா ஆத்தாவுக்கு எழுதுவது? எழுதிய கடிதம் சேர்ந்தாலும் அங்கே இன்னொருவர் படித்துச் சொல்லவேண்டும். இரண்டு பேர் கையைக் கடந்து போகும் பேச்சில் மிஞ்சுவது "இவ்விடம் யாவரும் நலம்" மட்டுந்தான்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கில் எடுத்தது. ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த மீதியையும் 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஒரே காம்பராவுக்குள் கடுதாசி வந்தது. ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம், அதன் பிறகு எங்கே என்று போகிறவர்களுக்கே தெரியாது. சிலர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்புவோருக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் கையில் இங்கே பழகிய அதே கொழுந்து, தலையில் அதே கூடைக்கயிறு. இடையில் மட்டும் கடல்.

தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றுபோனது. ஏற்கெனவே 83 கலவரத்தில் பல குடும்பங்கள் இருந்த இடத்தில் இல்லை. போன கடிதங்கள் ஆளில்லாமல் திரும்பின. அப்படி அறுந்துபோன உறவுகள் எத்தனையோ. அறுந்த இடம் எது என்று இன்று தேடிப் பார்த்தால், பகையோ மறதியோ காரணமாக இருப்பது அரிது. முகவரிதான் காரணம்.

லயத்தில் இருப்பவருக்குச் சொந்த முகவரி இருந்ததில்லை என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், நோர்வூட். அவ்வளவுதான். வீட்டுக்கு இலக்கம் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை. கடிதம் தோட்டத்து ஒஃபிசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்தபின் கையில் கிடைத்து அழுத பிள்ளைகளை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கலாம். ஒரு மனிதரைத் தேடிவரும் கடுதாசி முதலில் அவருடைய எசமானின் மேசையைத் தொட்டுத்தான் வரவேண்டும் என்ற ஏற்பாடு நூற்றைம்பது வருடங்களாக ஒரு பெரிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

ஆளை அடையாளம் இல்லாமல் விடுவது கடிதத்தில் மட்டும் நடக்கவில்லை. நோர்வூட் இருக்கும் இதே பள்ளத்தாக்கில் 1879இல் இறந்து பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமான ஜூலியா மார்கரெட் கேமரன் உலகம் கொண்டாடும் நிழற்படக் கலைஞர். கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவில் இருந்தவர், தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். இங்கிலாந்தில் அந்த அம்மையார் எடுத்த டெனிசன், டார்வின் படங்களின் கீழே பெயர் இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்த உழைப்பாளிகளின் படங்களில் பெரும்பாலானவற்றின் கீழே பெயர் இல்லை. எந்தத் தாய் பெற்ற பிள்ளை என்று தெரியாத முகங்கள் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. முகம் எடுக்கப்பட்டது, ஆள் குறிக்கப்படவில்லை. கடிதத்தில் நடந்ததும் படத்தில் நடந்ததும் ஒன்றுதான்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு தொலைபேசி இலக்கம் நம் மக்களுக்கு என்னவாக இருக்கிறது என்பது விளங்கும். பத்து இலக்கங்கள். தோட்டத்தின் பெயர் அதில் இல்லை, ஒஃபிஸ் இல்லை, துரை இல்லை. நேராக அந்த ஆளைத்தான் தேடிவரும். லயத்து மனிதருக்குக் கிடைத்த முதல் சொந்த முகவரி அதுதான். சம்பள நாளில் கடைக்கடனைக் கட்டுவதற்கு முன்பே ரீலோட் போடுகிறார்களே என்று குறை சொல்லுகிறவர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

போன் வந்துவிட்டது என்பதால் பேச்சு தானாக வந்துவிடவில்லை. குவைத்தில் இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து ஒரு பெண் தன் அறைக்கு வரும்போது நோர்வூட்டில் விடியற்காலை ஒன்றரை மணி. அவளுடைய அம்மா விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை எழுப்பிவிட்டு, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகவேண்டியவள். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் பொழுதில் ஒருத்தி மலையில் நிற்பாள், மற்றவள் அடுப்படியில் நிற்பாள். மலையில் சிக்னல் இருந்தால் லயத்தில் இருக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் இருக்கும், அதில் அழைப்பு எடுக்க முடியாது. அந்நாட்டில் அனுமதி பெற்ற வேறு செயலிகளைத்தான் தேடவேண்டும். ஆனால் குரல்பதிவு போகும். 2013இல் வட்ஸ்அப்பில் அந்தச் சின்ன ஒலிவாங்கிப் படம் வந்தபோது அதைச் செய்தவர்கள் நோர்வூட்டை நினைத்திருக்க மாட்டார்கள். நம் பெண்களுக்கோ அது அவர்களுக்காகவே செய்தது போல ஆயிற்று. எழுதத் தெரியவேண்டாம். மற்றவர் விழித்திருக்கவேண்டாம். அமர்த்திப் பிடித்துப் பேசிவிட்டு விரலை எடுத்தால் போதும்.

அப்படி ஒன்றைச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு கேட்டிருக்கிறேன். தாய் மகளுக்கு அனுப்பியது. முதலில் தகரத்தில் விழும் மழையின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது. அதற்குள்ளிருந்து குரல் வருகிறது. "ஏ புள்ள, சாப்பிட்டியா? நீ அனுப்புன காசு வந்திச்சி. நேத்து பதினெட்டுக் கிலோ கேட்டாங்க, பதினாறுதான் எடுத்தேன், கொழுந்து இல்ல. சின்னது ஸ்கூலுக்குப் போச்சி. மொதல்ல மாட்டேன்னிச்சி, பெறகு போயிருச்சி. இரு, அந்தச் சனியன் புடிச்ச கோழி அடுப்புக்குள்ள வருது." கோழியை விரட்டும் சத்தம், ஏதோ உருளும் சத்தம், மறுபடி மழை. "சரி புள்ள, கவனம்." முடிந்துவிட்டது. மகள் பதில் அனுப்பியிருக்கிறாள், மிக மெதுவான குரலில், பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல: "அம்மா, எந்தக் கோழி? செவலையா, கருப்பா?"

எந்தக் கோழி என்ற கேள்வியில் ஒரு வீடு முழுவதும் இருக்கிறது. செவலைக் கோழி எங்கே முட்டையிடும், கருப்புக் கோழி யாரைக் கொத்தும் என்று அறிந்தவள்தான் அந்த வீட்டுக்காரி. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கும்வரை அவள் அந்த வீட்டிலிருந்து போகவில்லை. விருந்தாளிக்குக் கோழியின் நிறம் தேவைப்படாது. கடிதக் காலத்தில் போனவர்கள் ஐந்து வருடத்தில் தம் சொந்த வீட்டுக்கே விருந்தாளி ஆனார்கள், ஏனென்றால் கோழி பற்றி யாரும் கடிதம் எழுதவில்லை.

இந்தப் பேச்சில் சொல்லாமல் விடுவதும் ஏராளம். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பதை மகள் சொல்லமாட்டாள். சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகவில்லை என்பதை அம்மா சொல்லமாட்டாள். இருவரும் ஒருவரையொருவர் நலமாக வைத்துக்கொள்ளப் பொய் சொல்கிறார்கள். ஆனாலும் பொய் நெடுநாள் நிற்பதில்லை. தினமும் ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே பதிலைக் கேட்டுப் பழகிய காதுக்கு, பதில் ஒரு நூல் மாறினாலும் தெரிந்துவிடும். "சாப்பிட்டேன்" என்று சொல்லும் இடத்தில் "ம்" என்று வந்தால் போதும். "என்னா புள்ள, கொரல் ஒரு மாதிரியா இருக்கு?" என்று தாய் கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பல பெண்கள் உடைந்து அழுது உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக ஒன்றும் இல்லாத பேச்சின் பெறுமதி இதில் இருக்கிறது. தினமும் ஒரே மாதிரி இருப்பதால்தான் அது காவலாக நிற்கிறது. வழமையான நேரத்தில் குரல் வரவில்லை என்றால் வீட்டில் விளங்கிவிடும். ஒரு நாள் பார்ப்பார்கள், இரண்டு நாள் பார்ப்பார்கள், பிறகு அனுப்பிய ஏஜென்சிக்காரரைத் தேடி ஹட்டனுக்குப் புறப்படுவார்கள். நம் பெண்களுக்கு எந்த அமைச்சும் கொடுக்காத காவலை இந்தச் "சாப்பிட்டியா" கொடுக்கிறது.

தேசம் சிதறிப்போன வேறொரு மக்களான சோமாலியரும் குரலைத்தான் பற்றிக்கொண்டார்கள். சோமாலி மொழிக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை வந்ததே 1972இல்தான். அதற்கு முன்பும் பின்பும் அவர்களுடைய கவிதையும் செய்தியும் பெரும்பாலும் வாயால்தான் நடந்தன. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கெசட்டில் பேசி ஊருக்கு அனுப்பினார்கள். 1979இல் தொடங்கிய 'டேலே' என்ற கவிதைச் சங்கிலியில் ஒரு கவிஞர் பாட, இன்னொருவர் பதில் பாட, அதெல்லாம் கெசட்டில் ஏறிக் கைமாறிக் கைமாறி நாடெங்கும் போயிற்று. 1991இல் அரசு நொறுங்கி அந்த மக்கள் நைரோபிக்கும் லண்டனுக்கும் மினியாபொலிசுக்கும் சிதறியபோது அவர்களிடம் மிஞ்சியது இந்தப் பேச்சுப் பழக்கம். இன்று அவர்கள் வீட்டிலும் ஒரு பாட்டி போனைக் கன்னத்தருகே வைத்துக்கொண்டு, இன்னொரு கண்டத்தில் இருக்கும் பேத்தியிடம் தேநீர் குடித்தாயா என்று கேட்டுக்கொண்டிருப்பார். குவைத்திலும் ரியாதிலும் ஆப்பிரிக்கப் பெண்களும் நம் பெண்களும் அடுத்தடுத்த வீட்டு அடுப்படிகளில் நிற்கிறார்கள். மொழி புரியாவிட்டாலும், இரவில் சுவருக்கு அப்பால் தணிந்த குரலில் கேட்கும் பேச்சு வீட்டோடு பேசும் பேச்சு என்பது இரு பக்கத்தாருக்கும் புரியும்.

எல்லாம் நன்மை என்று சொல்லவரவில்லை. திரையில் முத்தம் கொடுத்து வளர்ந்த பிள்ளை, அம்மா விமான நிலையத்திலிருந்து வந்திறங்கியபோது பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை மலையகத்தில் பல வீடுகள் பார்த்திருக்கின்றன. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று அரசு 2013இல் விதித்தது. நாடு டொலருக்குத் தவித்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அம்மா என்பது ஒரு வெளிச்சமான கண்ணாடித் துண்டு. அதைப் பேச்சு ஈடுசெய்யாது. வீடியோ அழைப்பிலேயே "எங்க நிக்கிற, சுத்திக் காட்டு" என்று சந்தேகத்தோடு அதட்டும் கணவர்களும் இருக்கிறார்கள். உறவைக் கட்டும் கயிறே கழுத்தையும் இறுக்கும். இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆனாலும் அந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2025 நவம்பர் கடைசியில் எல்லோரும் பார்த்தோம். டித்வா புயல் மலையகத்தில் மண்ணைச் சரித்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா மாவட்டத்தில் பாதைகள் மறிபட்டன, மின்சாரம் போயிற்று, தொலைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. அந்த நாட்களில் வெளிநாட்டில் இருந்த நம் பிள்ளைகள் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எத்தனை மில்லிமீற்றர் மழை, எத்தனை பேர் முகாமில், எந்த அமைச்சர் எங்கே வந்தார் என்ற சேதி எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தது. தங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்திட்டு நிற்கிறதா என்பதுதான் கிடைக்கவில்லை. அனுப்பிய குரல்பதிவுகள் ஒற்றைச் சரிக்குறியோடு நின்றன. சரிக்குறி இரண்டானதும் கடவுளைக் கும்பிட்டவர்கள் உண்டு. பிறகு வந்த முதல் பதிலில் பெரும்பாலும் இருந்தது என்ன? "நாங்க கோயில்ல இருக்கோம். சாப்பிட்டோம். நீ சாப்பிட்டியா?"

உடன்படிக்கை பிரித்து அறுந்துபோன உறவுகளும் இப்போது மெல்ல ஒட்டுகின்றன. கூடலூரிலும் கோத்தகிரியிலும் பிறந்த பேரப்பிள்ளைகள் முகநூலில் தோட்டத்துப் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். தாத்தாவின் தம்பி குடும்பம் நோர்வூட்டில் எந்த டிவிசனில் இருக்கிறது என்று ஒருவர் கேட்க, தெரிந்தவர் தெரிந்தவரைக் கேட்டு ஒரு வாரத்தில் இலக்கம் வந்துவிடுகிறது. முதல் அழைப்பில் இரண்டு பக்கமும் அழுகை. இரண்டாவது அழைப்பில் செத்தவர்களின் கணக்கு. மூன்றாவதில் என்ன பேசுவது என்று தெரியாத ஒரு தயக்கம் வரும். அதைத் தாண்டினால்தான் உறவு. தாண்ட வைப்பது தேயிலைதான். அங்கே கிலோவுக்கு எவ்வளவு, இங்கே முழுநாள் பேர் போட எத்தனை கிலோ, அங்கே கத்தரியால் வெட்டுகிறார்களா கையால் கிள்ளுகிறார்களா, அட்டை கடிக்கிறதா, சிறுத்தை வருகிறதா. இங்கே 2015இல் ஆயிரம் ரூபா கேட்டுத் தொடங்கிய போராட்டம் 2021இல்தான் ஆயிரத்தைத் தொட்டது, 2024இல் 1350 ஆயிற்று என்று இந்தப் பக்கம் சொன்னால், அந்தப் பக்கம் தங்கள் சம்பளத்தைச் சொல்லி இரண்டு நாட்டுக் காசையும் மாற்றிப் பார்க்கிறார்கள். இரண்டு அரசுகள் மேசையில் பிரித்த அண்ணன் தம்பியின் பிள்ளைகள், எந்த அரசின் தயவும் இல்லாமல், அட்டைக்கடிக்கு எதைப் பூசுவது என்று பேசிச் சேருகிறார்கள்.

மலையகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இனி இந்தக் குரல்களையும் கேட்கவேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகப் பாடல்களைச் சேகரித்தது அவை அழகாக இருந்தன என்பதற்காக மட்டும் அல்ல. எழுத்தில் இடம் கிடைக்காத மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டது அங்கேதான் இருந்தது என்று அவருக்குத் தெரியும். இன்று அவர்கள் சொல்லிக்கொள்வது குரல்பதிவில் இருக்கிறது. பழைய போன் உடைந்தால் அதோடு போய்விடும். சம்மதம் கேட்டு, பெயரை மறைத்து, கொஞ்சத்தையாவது காப்பாற்றி வைக்கமுடியும். மலையகத்தில் படித்து ஆசிரியர்களாகவும் பல்கலைக்கழக மாணவர்களாகவும் இருக்கும் பிள்ளைகளால் ஆகக்கூடிய வேலை இது.

அதைவிட அவசரமானது வேறொன்று. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போய் இறங்கியதும் பலரிடம் முதலில் பறிக்கப்படுவது கடவுச்சீட்டு, அடுத்தது போன். வாரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம், எசமானி பக்கத்தில் நிற்கப் பேசிய பெண்கள் நோர்வூட்டிலும் இருக்கிறார்கள். எசமானி முன்னால் நின்று பேசுவது பழைய கங்காணி எழுதிய கடிதமேதான், அதில் "யாவரும் நலம்" மட்டுந்தான் வரும். 2011இல் சர்வதேசத் தொழில் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் இலக்க சமவாயம், கடவுச்சீட்டும் அடையாளப் பத்திரங்களும் வீட்டுப் பணியாளரின் கையிலேயே இருக்கவேண்டும் என்கிறது. அதே நியாயம் போனுக்கும் உண்டு. மலைக்காரர்களின் வாக்கையும் சந்தாவையும் வாங்கும் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்காகப் பேசுவது போலவே இதற்கும் பேசவேண்டும். 1985இலிருந்து இயங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சரிபார்த்து அனுப்பும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், போன் பணியாளரின் கையிலேயே இருக்கும், நாளுக்கு ஒரு மணி நேரமாவது யாரும் பக்கத்தில் நிற்காமல் அவர் வீட்டோடு பேசலாம் என்று ஒரு வரி இருக்கவேண்டும். அந்த ஒரு வரியை எழுதவைப்பதற்குக் காசு தேவையில்லை, இந்தப் பேச்சு வீண்பேச்சு அல்ல என்று நம்பினால் போதும்.